தம்பிக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா?



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார், ஒரு நாள் பள்ளி முடிந்த வேளையில் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். “டீச்சர், சின்னவனுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. அவன் நல்லாத்தானே ஓடியாடிக்கிட்டு இருக்கான்? பார்க்கலாமா, வேணாமா?” என்று கேட்டார். நான் மருத்துவர் அல்லேன், தமிழ் கற்பிப்பவள். “டாக்டரையே கேளுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்ய என் மனம் இடங்கொடுக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாணவி வகுப்பில் அடிக்கடி கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்கத் தொடங்கினாள். ஒரே பாடவேளையில் மூன்று முறை. கட்டுரை எழுதுவதிலிருந்து தப்பிக்கும் வழி இது என நானாகவே முடிவு செய்துகொண்டேன். நான்காம் முறை கேட்டபோது, “உட்கார்ந்து எழுது” என்றேன். உட்கார்ந்தாள். மணியடிப்பதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தன் தண்ணீர்ப் புட்டியை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை நிரப்பி வந்ததை நான் பார்த்திருந்தேன். வெயில் கடுமை என நினைத்தேன். சீருடை தொளதொளவென்று ஆனதையும் பார்த்திருந்தேன். பிள்ளை வளர்கிறாள் என நினைத்தேன். பத்து நாள் கழித்து வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலையில் மூச்சிரைக்க, அரை மயக்க நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தீவிரக் கவனிப்புப் பிரிவில் நான்கு நாள் கிடந்தாள்.

நோய், முதல் வகை நீரிழிவு. நம் மக்கள் வழக்கில் சொன்னால் இனிப்பு நீர்.

இந்த ‘இனிப்பு நீர்’ என்னும் சொல்லால் அக்குடும்பம் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். “மைலோவையும் சிராப்பையும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாய், இப்போது பார்” என்று உறவினர்கள் தாயாரைக் குத்திக் காட்டினார்கள். முதல் வகை நீரிழிவு சீனி தின்பதால் வருவதன்று. தாத்தா பாட்டிக்கு வரும் இரண்டாம் வகையிலிருந்து அது முற்றிலும் வேறானது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, வழி தவறித் தன் சொந்தக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களையே அழித்துவிடுவதால் வருவது அது. இத்தகையவற்றைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். லூப்பஸ், முடக்குவாதம், சிலவகைத் தைராய்டு நோய்கள் ஆகியனவும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

சரி, நன்றாக ஓடியாடும் தம்பியின் இரத்தத்தில் மருத்துவர் எதைத் தேடச் சொல்கிறார்?

டிங்கிக் காய்ச்சல் என்று சந்தேகித்தால் இரத்தம் எடுத்துப் பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கமானதுதான். காய்ச்சல் வந்து சில நாள் ஆனபின், டிங்கிக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்றும் அதில் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். ஒவ்வோர் எதிரிக்கும் ஏற்ற வடிவில் உடல் அதனை உண்டாக்குகிறது. அது இருந்தால், உடல் அந்த எதிரியைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். தன்னுடல் தாக்குநோயில் அந்த ‘எதிரி’ நம் உடற்பகுதியே. ஆகவே தன் உடலுக்கே எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படும். அதனைத் தன்னெதிர்ப்பொருள் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாது என்பதே பெருமருத்துவ அறிஞர் பவுல் எர்லிக் போன்றோரின் கருத்தாக இருந்தது. 1956-இல் இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர், ஹாஷிமோட்டோ எனும் தைராய்டு நோய் கண்டவர்களின் இரத்தத்தில் அவர்களுடைய தைராய்டுக்கே எதிரான எதிர்ப்பொருளைக் கண்டறிந்தனர். அதே டோனியாக் அம்மையார், பொட்டாட்சோ முதலியோருடன் சேர்ந்து 1974-இல், கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் நீரிழிவு நோயாளிகளிடம் கண்டறிந்து வெளியிட்டார். ஒருவரே இரண்டு இடத்தில் கதவு திறந்திருக்கிறார். அறிவியல் பாடம் நடத்தும் நண்பர்கள் இதனை மாணவிகளுக்குச் சொல்லலாம்.

இன்று இன்சுலினுக்கு எதிரானது, ஜிஏடி எனும் நொதிக்கு எதிரானது, ஐஏ-2 எனும் புரதத்திற்கு எதிரானது, துத்தநாகத்தைக் கடத்தும் ஒரு புரதத்திற்கு எதிரானது என நான்கு வகை எதிர்ப்பொருள்களைப் பெரும்பாலும் தேடுகிறார்கள். இவை நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள், பல ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தோன்றிவிடுகின்றன. அவ்வாறு தோன்றும் வேளையில் பிள்ளைக்குத் தாகமும் இல்லை, இளைப்பும் இல்லை. இரத்தச் சர்க்கரையும் ஒழுங்காகவே இருக்கும்.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் மிக முதன்மையானது. பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த பிள்ளைகளின் தரவுகளை அதில் ஒன்றுசேர்த்தார்கள். இரண்டோ அதற்கு மேலோ எதிர்ப்பொருள் தோன்றிய 585 பிள்ளைகளில், பத்து ஆண்டுக்குள் நூற்றுக்கு எழுபது பேருக்கு நீரிழிவு வெளிப்பட்டது. ஒரே ஓர் எதிர்ப்பொருள் மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவு. எதுவுமே இல்லாதவர்களில் பதினைந்து வயதுக்குள் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தகைய சான்றுகளை வைத்துத்தான் 2015-இல் வரையறையையே மாற்றினார்கள். இரண்டு எதிர்ப்பொருள் இருந்து சர்க்கரை ஒழுங்காக இருப்பது முதற்கட்டம். சர்க்கரை தடுமாறத் தொடங்குவது இரண்டாம் கட்டம். நாம் நோய் என்று அழைப்பது மூன்றாம் கட்டம். என் மாணவி வகுப்பில் நான்காம் முறை கையுயர்த்தியபோது, மூன்றாம் கட்டத்தையும் தாண்டி ஆபத்தின் விளிம்பில் நின்றாள்.

இங்கேதான் பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள். அப்பெண்ணின் கணவரும் அதையே கேட்டார்: “தடுக்க மருந்து இல்லை என்றால், முன்கூட்டியே தெரிந்து என்ன செய்வது? வருவது வரட்டும். அதுவரைக்குமாவது பிள்ளை நிம்மதியாக இருக்கட்டுமே!” இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்திரை குத்தப்பட்டுவிடுமே என்னும் அச்சம் நியாயமானது. அக்காளைப் பற்றியே “நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்?” என்று ஒன்பது வயதிலேயே பேசியவர்கள் அவர் குடும்பத்தில் இருந்தார்கள்.

ஆனால் முன்கூட்டித் தெரிந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2015 முதல், குடும்பத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், இரண்டு வயதை நெருங்கிய குழந்தைகள் முதல் ஐந்து வயதினர் வரை வழக்கமான மருத்துவப் பரிசோதனையின்போது சில துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான கணக்குப்படி 90,632 குழந்தைகளில் 280 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு மூவருக்கு, நோயின் முற்கட்டம் இருந்தது. அப்பெற்றோருக்கு அறிகுறிகளைக் கற்பித்தார்கள். சர்க்கரையை எப்படிப் பார்ப்பது, எப்போது மருத்துவரிடம் ஓடுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். பின்னர் அவர்களுள் நோய் வெளிப்பட்ட பிள்ளைகளில் இருவர் மட்டுமே இரத்தம் அமிலத்தன்மை அடையும் அந்த ஆபத்தான நிலைக்குப் போனார்கள். என் மாணவி போனது அந்நிலைக்குத்தான். அது உயிரையே பறிக்கக்கூடியது.

தாய்மாரின் மன உளைச்சலையும் அவர்கள் அளந்தார்கள். செய்தி அறிந்த காலத்தில் உளைச்சல் கூடியிருந்தது, ஓராண்டுக்குப்பின் தணிந்தது. முடிவைக் கையில் கொடுத்துவிட்டுத் தாயைத் தனியே அனுப்பியிருந்தால் தணிந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. கற்பித்தவர்களும், தொலைபேசியில் அழைத்தால் பதில் சொன்னவர்களும் இருந்ததால்தான் தணிந்தது என்பதே என் கருத்து.

மருந்தே இல்லை என்பதும் இப்போது முழு உண்மையன்று. டெப்லிசுமாப் என்னும் மருந்து 2022 நவம்பரில் அமெரிக்காவில், எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன இரண்டாம் கட்டத்தினருக்கு அனுமதிக்கப்பட்டது. பதினான்கு நாள் தொடர்ந்து நாளம் வழியாக ஏற்றப்படும் அம்மருந்து, நோயைத் தடுத்துவிடுவதில்லை. ஆய்வில் ஏறத்தாழ ஈராண்டு தள்ளிப்போட்டது. விலை நம் போன்றோர் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. ஆயினும் எட்டு வயதில் ஊசி குத்திக்கொள்ள வேண்டிய பிள்ளை பத்து வயதில் தொடங்குவது சிறிய செய்தியன்று. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். தன் உணவின் அளவையும் ஓரளவு தானே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் அதனை எதிர்பார்க்க முடியாது.

இத்தாலி நாடு 2023-இல் சட்டமே இயற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இச்சோதனையைச் செய்ய முற்பட்டது. நம் நாட்டிலும் அவ்வாறு எல்லாருக்கும் செய்ய வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உலகிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது பின்லாந்தில். ஆசிய நாடுகளில் அதனினும் மிகமிகக் குறைவு. மேலே நான் சொன்ன எண்களெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை. அவற்றை நம் பிள்ளைகள்மேல் அப்படியே ஏற்றிப் பார்ப்பது முறையாகாது. ஆனால் அக்காளுக்கோ அண்ணனுக்கோ நோய் வந்துவிட்ட வீட்டின் கதை வேறு. உடன்பிறந்தோருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். அந்நாட்டுக் கணக்குகளில் நூற்றுக்கு ஐவர் அளவில் இருக்கிறது. எனவே அந்தத் தாயாரிடம், “பாருங்கள். ஆனால் முடிவு வந்தபின் யார் உங்களைத் தொடர்ந்து கவனிப்பார் என்பதை இரத்தம் எடுக்குமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்” என்றேன்.

இச்செய்தி ஆசிரியர் அறையில் பேச்சானபோது, உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், “அவ்வளவு நல்ல சோதனை என்றால் நாம் எல்லாரும் ஏன் செய்துகொள்ளக்கூடாது?” என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், பேரங்காடி ஒன்றில் சலுகை விலையில் விற்ற முழு உடற்பரிசோதனையை வாங்கிச் செய்தும் விட்டார். அதில் ஏ.என்.ஏ. எனப்படும் ஒரு சோதனையும் இருந்தது. நம் உயிரணுக்களின் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை அது. ‘உண்டு’ என்று முடிவு வந்தது. இணையத்தில் தேடினார், லூப்பஸ் என்றது. இரண்டு வாரம் உறங்கவில்லை. பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று கணவரோடு பேசும் அளவுக்குப் போய்விட்டார்.

அவருக்கு மூட்டுவலி இல்லை, வெயில் பட்டால் முகம் சிவப்பதில்லை, சிறுநீரில் குறையில்லை. அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார். ஏனென்றால் நலமாக இருக்கும் பலரிடமும் இந்த எதிர்ப்பொருள் காணப்படும். இரத்தத்தின் தெளிநீரை எண்பது மடங்கு நீர்த்துப் பார்த்தபோதும், நலமாக இருந்தவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேரிடம் அது இருந்ததாக 1997-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஆயிரம் பேர் கூடுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். அனைவருக்கும் அச்சோதனையைச் செய்தால் நூற்று முப்பது பேருக்கு ‘உண்டு’ என வரலாம். அவர்களுள் லூப்பஸ் உள்ளவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

அப்படியானால் அச்சோதனை பயனற்றதா? இல்லவே இல்லை. லூப்பஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவரிடமும் அது இருக்கும். ஆகவே அறிகுறியுள்ள ஒருவரிடம் அது ‘இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் வேறு நோயைத் தேடலாம். நோய்க்கு முன்னரே தோன்றுவதும் உண்மைதான். அமெரிக்கப் படையினரிடம் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பின்னாளில் லூப்பஸ் கண்ட 130 பேரில் 115 பேரிடம், நோய் உறுதிப்படுவதற்கு முன்பே ஏதேனும் ஒரு தன்னெதிர்ப்பொருள் இருந்தது. சிலரிடம் ஒன்பது ஆண்டுக்கு முன்பே. 2003-இல் வெளியான இவ்வாய்வை எடுத்துக்காட்டித்தான் சிலர் சோதனைகளை விற்கிறார்கள். ஆனால் நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் பார்ப்பது வேறு. நலமானவர்களிடமிருந்து முன்னோக்கிப் பார்ப்பது வேறு. தேர்வில் முதல் நிலை பெற்றவர்கள் எல்லாரும் காலையில் தோசை தின்றிருக்கலாம். அதற்காகத் தோசை தின்றவர் எல்லாரும் முதல் நிலை பெறுவாரோ?

கணையத்தின் எதிர்ப்பொருள்கள் இரண்டு சேர்ந்து வந்தால் அதன் சொல் கனமானது. ஏ.என்.ஏ. தனித்து நின்றால் அதன் சொல் இலேசானது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் ‘புரட்சிகரமான இரத்தப் பரிசோதனை’ என விளம்பரம் செய்வோரிடம் பெற்றோர் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு பயனையும் விட்டுவிடக்கூடாது. இப்போது நம் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் உடற்பருமனும், அதனோடு இரண்டாம் வகை நீரிழிவும் பெருகி வருகின்றன. பருமனான பதினான்கு வயதுப் பையனுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால், “குறைத்துத் தின்னு, மாத்திரை போடு” என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவனுக்கும் முதல் வகை வரலாம். அப்போது இன்சுலின் இன்றி அவன் பிழைக்க முடியாது. அவ்விடத்தில் எதிர்ப்பொருள் சோதனை இரு வகைகளையும் பிரித்தறிய உதவுகிறது. எதிர்ப்பொருள் காணப்படாத முதல் வகையினரும் உண்டு. ஆதலால் இதிலும் மருத்துவர் மற்றவற்றையும் சேர்த்தே முடிவு செய்வார்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். தந்தையார் நான்கு மாதம் இசையவில்லை. பின்னர் அவரே மகனை அழைத்துப் போனார். மகளின் விரலில் ஊசி குத்தி இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை பார்க்கும் வேலை அவருடையது. அதுதான் மனத்தை மாற்றியது என்று தாயார் சொன்னார். முடிவு வர சில வாரம் பிடித்தது. எதிர்ப்பொருள் எதுவும் இல்லை. “இனிமே வராதுல்ல டீச்சர்?” என்று அவர் கேட்டபோது, ஆம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் இன்று இல்லாதது இரண்டாண்டு கழித்துத் தோன்றக்கூடும். ஒரு முறை பார்த்தால் போதும் என்பதில்லை. அதனையும் மருத்துவர் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். ஐந்து வயதான அவனுக்கு மீண்டும் எப்போது பார்ப்பது என்று நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. முதல் வகை நீரிழிவு வரும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேரின் குடும்பத்தில் அந்நோய் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. அவர்களுக்கு யாரும் முன்கூட்டி எதிர்ப்பொருளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, காரணமற்ற சோர்வு. இவற்றைத் தினமும் ஐந்து மணி நேரம் அருகிலிருந்து பார்ப்பவர்கள் நாம்தாம். பார்த்தால் அன்றே பெற்றோரை அழைத்து, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நாளை என்று தள்ளிவைக்க வேண்டாம்; அமில நிலை ஒரே நாளில் வந்துவிடும். ஒரு பிள்ளையின் சோதனை முடிவு உங்களுக்குத் தெரிய வந்தால், அதனை ஆசிரியர் அறைப் பேச்சாக்காதீர்கள். நாங்கள் ஆக்கினோம், அது தவறு.

அம்மாணவி இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறாள். ஓய்வு நேரத்திற்கு முன் அலுவலகத்தில் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். நீலநிற அட்டை ஒன்றை அவள் மேசையில் வைத்திருக்கிறேன். கழிவறைக்குப் போக வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இவ்வாண்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த அட்டையைக் கொடுத்துவிட்டேன். இரண்டொருவர் அதைக் கட்டுரைப் பாடத்தின்போது மட்டும் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். நீரிழிவுப் பிரிவில் பணிபுரியும் தாதி ஒருவர், சர்க்கரை பார்க்கும் கருவியோடு வர இசைந்திருக்கிறார்.